கொடையா, கைமாற்றா: கேம் நிறுவனம் செயற்கைக் கை வழங்கும் செய்தியை எடைபோடும் முறை

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மாட்டுக்கு அது பொருந்தலாம். செயற்கைக் கைக்குப் பொருந்தாது. பிடிக்காத மாட்டைச் சந்தைக்கு ஓட்டிச் சென்று விற்றுவிடலாம். செயற்கைக் கையைப் பெற்றவரோ அதைத் தம் தோலோடு ஒட்டி அணிந்து, அதன் எடையைத் தோளில் சுமந்து, அதன் மின்கலம் தீரும்போதும் விரல் இறுகி நிற்கும்போதும் யாரிடம் போவது என்று தேட வேண்டியவர். ஆகவே இந்த வகைத் தானத்தில் பல்லைப் பார்ப்பது நன்றிகெட்ட செயல் ஆகாது; வாங்கியவர் சார்பில் நாம் செய்யும் கடமையாகும்.

கேம்களைப் பற்றி எழுதுபவர்களுக்கும், காணொளி தயாரிப்பவர்களுக்கும், இத்தகைய செய்தியைப் பிறருக்கு அனுப்பும் முன் ஒரு கணம் நின்று யோசிக்க விரும்புபவர்களுக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. ஒரு வீடியோ கேம் நிறுவனம் கை இழந்த ஒருவருக்குத் தன் கதாநாயகனின் கையைப் போன்ற செயற்கைக் கையை வழங்கியது என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கிறது. வந்தவுடன் வாசகர்கள் இரண்டாகப் பிரிவார்கள். ஒரு சாரார் நெகிழ்ந்துபோய் அந்த நிறுவனத்தின் பழைய குறைகளையெல்லாம் மறந்துவிடுவார்கள். மறு சாரார் எல்லாமே விளம்பரம் என்று உதறிவிடுவார்கள். நானும் இந்த இரண்டு வகையிலும் எழுதியிருக்கிறேன். இரண்டு முறையும் அந்தக் கையை அணிந்திருந்தவர் என் கட்டுரையில் ஒரு படமாக மட்டுமே இருந்தார். அதனால்தான் கொடைக்கு ஒரு கணக்கும் கொடுத்தவருக்கு வேறொரு கணக்கும் எழுத வேண்டும் என்று இப்போது சொல்கிறேன். ஒன்றின் வரவை மற்றொன்றின் பற்றில் கழிக்கக் கூடாது. அதைச் செய்யும் முறையை, நன்கு அறியப்பட்ட ஒரு நிகழ்வை வைத்துக் காட்டுகிறேன்.

முதலில் தேதிகளை வரிசைப்படுத்துங்கள்

வீடியோ கேம் நிறுவனமான கொனாமி 1969இல் ஜப்பானின் ஒசாகாப் பகுதியில் தொடங்கியது. பாட்டுப் பெட்டிகளான ஜூக்பாக்ஸ்களை வாடகைக்கு விடுவதும் பழுதுபார்ப்பதும்தான் அதன் முதல் தொழில். (பழுதுபார்ப்பு என்ற சொல்லை நினைவில் வையுங்கள்; பின்னர் தேவைப்படும்.) 1987இல் ஹிடியோ கோஜிமாவின் ஆக்கத்தில் அங்கு வெளிவந்த மெட்டல் கியர் என்ற கேம், கொனாமியின் பெயரையும் அவர் பெயரையும் உலகம் முழுவதும் கொண்டு சென்றது. அத்தொடரின் ஐந்தாம் பாகத்தில், வெடிப்பில் இடக்கையை இழந்து ஒன்பது ஆண்டுகள் நினைவின்றிக் கிடந்து எழும் நாயகனுக்குச் சிவப்பு நிற இயந்திரக் கை பொருத்தப்படுகிறது. அந்த கேமின் துணைத் தலைப்பே, இல்லாத உறுப்பில் தோன்றும் வலியைக் குறிக்கும் மருத்துவச் சொல்தான்.

இந்தக் கேமை ஒட்டியே கொனாமி ஒரு செயற்கைக் கைத் திட்டத்தை மேற்கொண்டது. கேம் விளையாடும் பழக்கமும் உறுப்பு இழப்பும் கொண்ட ஒருவரை நாடி அறிவிப்பு வந்தது. லண்டனில் 2012இல் நேர்ந்த ரயில் விபத்தில் ஒரு கையையும் ஒரு காலின் பகுதியையும் இழந்த இளைஞர் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆல்டர்நேட்டிவ் லிம்ப் ப்ராஜெக்ட் என்ற அமைப்பை நடத்தும் சிற்பி சோஃபி டி ஒலிவேரா பராட்டாவின் தலைமையில் ஒரு குழு அந்தக் கையை உருவாக்கியது. அதன் விரல்களும் உள்ளங்கையும் பிரிஸ்டல் நகரத்து ஓப்பன் பயோனிக்ஸ் நிறுவனத்தின் முப்பரிமாண அச்சில் பிறந்தவை. 2016 மே மாதம் பிபிசியின் வழியாக அது பொதுமக்கள் பார்வைக்கு வந்தது.

இப்போது இரண்டாவது வரிசையை எழுதுங்கள். 2015 மார்ச்சில் கேமின் விளம்பரப் படங்களிலிருந்து கோஜிமாவின் பெயர் மறையத் தொடங்கியது. ஏப்ரலில் அவர் பங்கேற்ற சைலன்ட் ஹில்ஸ் என்ற திகில் கேம் கைவிடப்பட்டது. 2014 ஆகஸ்டில் இலவசமாக வெளியிடப்பட்டுப் பெரும் புகழ் பெற்றிருந்த அதன் முன்னோட்டமான பி.டி. பிளேஸ்டேஷன் இணையக் கடையிலிருந்து நீக்கப்பட்டது. ஆகஸ்டில் ஜப்பானின் நிக்கேய் நாளிதழ், கொனாமியின் அலுவலகத்தில் கண்காணிப்புக் கேமராக்கள் ஊழியர்களின் நடமாட்டத்தைப் பார்ப்பதாகவும், பயனற்றவர்கள் எனக் கருதப்பட்ட ஆக்குநர்கள் காவல் பணிக்கும் துப்புரவுப் பணிக்கும் சூதாட்ட இயந்திரத் தொழிற்சாலைக்கும் மாற்றப்படுவதாகவும் எழுதியது. செப்டம்பர் 1 அன்று கேம் வெளிவந்து பாராட்டுகளைக் குவித்தது. டிசம்பர் 3 அன்று நடந்த தி கேம் அவார்ட்ஸ் விழாவில் அதற்கு விருது கிடைத்தபோது கோஜிமா மேடையில் இல்லை, கொனாமியின் வழக்கறிஞர் ஒருவர் அவர் வரக் கூடாது என்று தெரிவித்துவிட்டதாக விழாவை நடத்திய ஜெஃப் கீலி மேடையிலேயே அறிவித்தார், அரங்கம் கூச்சலிட்டது. அதே மாதத்தில் கோஜிமா தனி நிறுவனம் தொடங்கினார்.

இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒரு சபலம் எழும்: கெட்டுப்போன பெயரைத் துடைக்கவே கை வழங்கப்பட்டது என்று எழுதிவிடலாம் என்று தோன்றும். அப்படி எழுதாதீர்கள். தேதிகள் நமக்கு நெருக்கத்தைக் காட்டுகின்றனவே தவிரக் காரணத்தைக் காட்டுவதில்லை. தோளிலிருந்து தொடங்கும் இயந்திரக் கை ஒன்றை வடிவமைத்து அணிவிக்கப் பல மாதங்கள் பிடிக்கும். டிசம்பர் மாதத்து அவமானத்துக்கு மறுமொழியாக மே மாதத்தில் ஒரு கை முளைத்துவிடாது. கேமின் கருப்பொருளையே சுமந்து நிற்கும் அந்தத் திட்டம், கேமுக்கான விளம்பரமாகக் கருவுற்றது என்று சொல்வதற்கே சான்று அதிகம். நடுவில் பெயர் கெட்டது. அதனால் விளம்பரமாகத் தொடங்கியது கழுவாயைப் போலக் காட்சியளித்தது. அந்தத் தோற்றத்துக்கும் உள்நோக்கத்துக்கும் உள்ள இடைவெளியைக் காப்பாற்றுவதுதான் தேதி வரிசையின் பயன்.

எந்த வகைக் கொடை என்று பெயரிடுங்கள்

‘வழங்கியது’ என்ற ஒற்றை வினைச்சொல் மூன்று வெவ்வேறு செயல்களை மறைத்துவிடுகிறது. கொனாமி 2016இல் செய்தது ஒரே ஒருவருக்கான தனிப் படைப்பு. அதன் மதிப்பு சுமார் 60,000 பவுண்டு என்று செய்திகள் கூறின. நிக்கேய் செய்தியின்படி அந்த கேமை ஆக்குவதற்கு 8 கோடி டாலருக்கு மேல் செலவாகியிருந்தது. கையின் மதிப்பு அதில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த ஒப்பீட்டைக் கையைச் சிறுமைப்படுத்த நான் சொல்லவில்லை. பெற்றவருக்கு அது வாழ்நாளில் தாமாக வாங்க இயலாத பொருளாக இருந்திருக்கலாம். நிறுவனத்தின் தியாகத்தை அளக்க அந்த 60,000 உதவாது என்பதே நான் சொல்ல வருவது.

இரண்டாவது வகை, உரிமத் தொகை வாங்காமல் வடிவத்தைப் பயன்படுத்த விடுவது. இதில்தான் தமிழ்ச் செய்திகள் மிகுதியாகத் தடுக்கி விழுகின்றன. 2016 ஜூனில் டியஸ் எக்ஸ் கேமின் ஆக்குநர்களான ஐடோஸ் மான்ட்ரியல், ஓப்பன் பயோனிக்ஸுடனும் கேம் கருவிகள் செய்யும் ரேசர் நிறுவனத்துடனும் கூட்டுச் சேர்ந்து, நாயகன் ஆடம் ஜென்சனின் கையை ஒத்த செயற்கைக் கையை அறிவித்தது. அதன் வடிவங்கள் உரிமத் தொகையின்றிக் கிடைக்கும் என்றும் சொல்லப்பட்டது. 2018இல் ஹேலோ கேம் தொடரை அப்போது ஆக்கிவந்த 343 இண்டஸ்ட்ரீஸ், அமெரிக்காவின் மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் இயங்கும் லிம்பிட்லெஸ் சொல்யூஷன்ஸ் என்ற தொண்டமைப்புக்கு அத்தொடரின் நாயகன் மாஸ்டர் சீஃபின் கவச வடிவத்தைக் கொடுத்தது. இரண்டு இடத்திலும் கேம் நிறுவனம் கொடுத்தது முதன்மையாக உருவத்தை. கையைச் செய்ததும், அளவெடுத்ததும், பொருத்தியதும் வேறு ஆட்கள். ‘உரிமத் தொகை இல்லை’ என்பதை ‘இலவசக் கை’ என்று மொழிபெயர்த்தால், சட்டையின் மேல் அச்சிட்ட படத்துக்குக் காசு வாங்காதவரைச் சட்டையே தைத்துக் கொடுத்தவராக ஆக்கிவிடுகிறோம். ஆனாலும் உருவத்தைக் கொடுப்பது அற்பம் என்றும் நினைக்க வேண்டாம். தன் கைக்கு என்ன ஆயிற்று என்று எந்நேரமும் கேட்கப்படும் குழந்தை, இந்தக் கை எங்கே கிடைத்தது என்று பொறாமையோடு கேட்கப்படும் நாள் ஒன்று வந்தால், அந்த மாற்றத்தில் பாதி மேலுறையின் வேலைதான். நிறுவனத்துக்குச் செலவு குறைவாகவும் பெறுபவருக்குப் பயன் அதிகமாகவும் அமையும் கொடை நல்ல கொடையே. அதைச் செலவு அதிகமானதாகக் காட்டும்போதுதான் பிழை நுழைகிறது.

மூன்றாவது வகை, கையையும் அதைத் தொடரும் பணியையும் தன் தலையில் ஏற்றுக்கொள்வது. இதை கேம் நிறுவனங்கள் அரிதாகவே செய்கின்றன. தொண்டமைப்புகளும் மருத்துவ நிறுவனங்களும்தான் செய்கின்றன. ஆல்பர்ட் மனேரோ 2014இல் தொடங்கிய லிம்பிட்லெஸ், குழந்தைகளின் குடும்பத்தாரிடம் கட்டணம் வாங்காமல் கைகளைக் கொடுப்பதோடு, தசையைச் சுருக்கிக் கையை இயக்கும் பழக்கத்தைக் கற்பிக்கச் சிறிய வீடியோ கேம்களையும் தானே ஆக்குகிறது. கேம் என்ற கலை செயற்கைக் கைக்கு உண்மையில் உதவும் இடம் அதுவே என்பது என் கருத்து. கவச வடிவத்தைப் பற்றி நூறு செய்திகள் வந்தால் இதைப் பற்றி ஒன்றுகூட வருவதில்லை.

ஆகவே, செய்தியைக் கையில் எடுத்தவுடன் பணம் யாருடையது, உழைப்பு யாருடையது, உருவம் யாருடையது, நாளைய பொறுப்பு யாருடையது என்ற நான்கு கேள்விகளுக்கும் தனித்தனிப் பெயர்களை எழுதிப் பாருங்கள். நான்காவது இடம் வெற்றிடமாக இருந்தால் அதையே உங்கள் கட்டுரையின் முதல் பத்தியில் சொல்லலாம்.

இனிப் பல்லைப் பாருங்கள்

கையைப் பற்றி எழுதுபவர் அது இயங்கும் விதத்தைக் கொஞ்சமாவது அறிந்திருக்க வேண்டும். இத்தகைய கைகளில் பெரும்பாலானவை தசை மின்சமிக்ஞையால் இயங்குபவை. தசை சுருங்கும்போது தோலின் மேற்பரப்பில் தோன்றும் மிக நுண்ணிய மின் மாற்றத்தை, சாக்கெட்டின் உட்புறத்தில் பதித்த மின்முனைகள் உணர்ந்து, உள்ளே உள்ள சிறு கணினிக்குத் தெரிவிக்கின்றன; அது விரல்களின் மோட்டார்களை மூடவோ திறக்கவோ செய்கிறது. சாக்கெட் என்பது எஞ்சியிருக்கும் கையை உள்வாங்கிப் பிடித்துக்கொள்ளும் கூடு. உடல் மெலிந்தாலும் பருத்தாலும் வியர்த்தாலும் அந்தக் கூடு நழுவும். நழுவினால் மின்முனை தசையை விட்டு விலகும். விலகினால் எத்தனை விலை உயர்ந்த விரலும் மரக்கட்டை. செய்திப் படங்களில் விரல்கள் முன்னே நிற்கும். அணிந்திருப்பவரின் நாளைத் தீர்மானிப்பது சட்டைக்குள் மறைந்திருக்கும் அந்தக் கூடு.

அடுத்தது, உறுப்பு எந்த மட்டத்தில் இல்லை என்பது. முழங்கைக்குக் கீழே இழந்தவருக்கு விரலை இயக்கும் முன்கைத் தசைகள் ஓரளவு எஞ்சியிருக்கும். தோளுக்கு அருகில் இழந்தவருக்குத் தோள், மார்பு, முதுகுத் தசைகளைக் கொண்டு அதைச் செய்யப் பழக வேண்டியிருக்கும். முழங்கை மூட்டையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருப்பதால் எடையும் ஏறும். கொனாமியின் கை சுமார் 4.7 கிலோ எடை கொண்டது என்று கூறப்பட்டது. ஓப்பன் பயோனிக்ஸ் 2018இல் முழங்கைக்குக் கீழே இழந்தவர்களுக்காக விற்பனைக்குக் கொண்டுவந்த ஹீரோ ஆர்ம் ஒரு கிலோவுக்கும் குறைவு. இரண்டும் ஒரே தேவைக்கானவை அல்ல, ஆகவே நேருக்கு நேர் ஒப்பிடுவது முறையாகாது. ஆனாலும் அந்த எண்கள் ஒரு கேள்வியை எழுப்பும். பிறவிக் கையின் எடையை எலும்பும் தசையும் சுமப்பதால் நாம் அதை உணர்வதில்லை. வார்ப்பட்டையால் தோளில் கட்டித் தொங்கும் கையின் ஒவ்வொரு கிராமும் உணரப்படும். கொனாமியின் கையில் கைபேசிக்கு மின்னேற்றும் யூஎஸ்பி இணைப்பு, விளக்கு, லேசர், தோளில் ஒரு சிறு ட்ரோன் ஆகியவையும் இருந்தன. கேட்பதற்கு அருமையாகத்தான் இருக்கிறது. ட்ரோன் யாருக்காக வைக்கப்பட்டது, அணிபவருக்கா, ஒளிப்படக் கருவிக்கா என்று கேட்பது எழுத்தாளரின் வேலை. விடை ‘இருவருக்கும்’ என்று வந்தாலும் வியப்பில்லை. அந்த இளைஞர் கேம் விளையாடுபவர், அவருக்கு அது மகிழ்ச்சி தந்திருந்தால் அதைக் குறை சொல்ல நாம் யார்?

அணிபவரின் மகிழ்ச்சி முதல் நாளோடு நின்றுவிடுவதில்லை என்பதை மறக்கலாகாது. கைகளுக்கான செயற்கை உறுப்புகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான ஒரு கட்டுரையின்படி, மின்சாரத்தால் இயங்கும் கைகளைக் குழந்தைகளில் சராசரியாக 35 விழுக்காட்டினரும் பெரியவர்களில் 23 விழுக்காட்டினரும் அணிவதை நிறுத்திவிட்டனர். கயிறாலும் தோளசைவாலும் இயங்கும் கைகளில் அந்த அளவு குழந்தைகளுக்கு 45, பெரியவர்களுக்கு 26. அப்போதிருந்து கருவிகள் மேம்பட்டிருக்கின்றன. ஆனாலும், கை கொடுக்கப்பட்ட நாளில் எடுத்த படம் அந்தக் கை பயன்படுகிறது என்பதற்குச் சான்றாகாது என்பதை இந்த எண்கள் நினைவுபடுத்துகின்றன. கனம், வெப்பம், தோல் புண், பழுதுபார்க்க ஆளின்மை, ஒற்றைக் கையாலேயே வேலை வேகமாக முடிந்துவிடுவது எனக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்றுகூட நன்றியின்மை அல்ல.

இந்தியாவில் இதற்கு ஓர் அளவுகோல் நம்மிடமே இருக்கிறது. 1968இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், அழகில் எவரையும் மயக்குவதில்லை. சம்மணமிட்டு உட்காரவும், குந்தவும், செருப்பின்றிச் சேற்றில் நடக்கவும் அது இடம் கொடுத்தது. அணிபவர் வாழும் வாழ்க்கையை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு செய்யப்பட்ட உறுப்பு அது. கேம் நாயகனின் உருவத்தை முதலில் முடிவுசெய்துவிட்டு அதற்குள் மனிதரைப் பொருத்தும் திட்டம், அதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து புறப்படுகிறது. புறப்படும் திசை தவறானாலும் நல்ல கைவினைஞர்கள் அதை நேராக்கிவிட முடியும். நேராக்கினார்களா என்று கேட்டு எழுதுவது நம் பங்கு.

கேட்க வேண்டியவை அதிகமில்லை. சாக்கெட் தளர்ந்தால் புதியது யார் செய்வார்கள், எத்தனை முறை செய்வார்கள்? குழந்தை என்றால் வளர வளர மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் இந்தக் கேள்வி இருமடங்கு முக்கியம். மோட்டாரோ மின்கலமோ செயலிழந்தால் உதிரிப் பாகம் கடையில் கிடைக்குமா, அல்லது உலகில் ஒன்றே ஒன்றாகச் செய்யப்பட்டதால் செய்தவரையே தேடிப்போக வேண்டுமா? கை யாருடைய சொத்து: அணிபவருடையதா, கண்காட்சிக்காக நிறுவனம் திரும்பக் கேட்கலாமா? முறையாகப் பயிற்சி பெற்ற செயற்கை உறுப்பு வல்லுநர் அளவெடுத்தாரா, அதன் பிறகும் பார்த்துக்கொள்கிறாரா? யானையைப் பரிசளித்தவர் தீனிக்கும் ஏற்பாடு செய்தாரா என்பதுதான் இவற்றின் சாரம். பழுதுபார்ப்புத் தொழிலில் பிறந்த ஒரு நிறுவனத்திடம் பழுதுபார்ப்பைப் பற்றிக் கேட்பதில் தவறேதும் இல்லை.

அணிபவரிடம் பேசும்போது

முடிந்தால் நிறுவனத்தின் விளம்பரத் துறைக்கு முன் அவரிடம் பேசுங்கள். முடியாவிட்டால் அவர் முன்பே பொதுவெளியில் சொன்னவற்றை மட்டும் பயன்படுத்துங்கள். விபத்தைப் பற்றிய கேள்வியை முதலில் கேட்க வேண்டாம். காலையில் கையை எத்தனை மணிக்கு அணிகிறார், எப்போது கழற்றுகிறார், கழற்றியவுடன் என்ன செய்கிறார் என்று கேட்டாலே பெரும்பகுதி தெரிந்துவிடும். கொடைக்கு ஈடாக நிகழ்ச்சிகளில் தோன்ற வேண்டும் என்ற ஒப்பந்தம் உண்டா என்றும் கேட்க வேண்டும். இருந்தால் அது கொடையன்று. ஒரு விதக் கூலி. கூலி இழிவானதல்ல, ஆனால் அதைக் கூலி என்றே எழுத வேண்டும். நம் ஊரில் நண்பர்களுக்குள் எழுத்தின்றிக் கொடுத்துத் திரும்பப் பெறும் பணத்தைக் கைமாற்று என்கிறோம். நிறுவனம் கையைக் கொடுத்து முகத்தைத் திரும்பப் பெறுகிறது என்றால் அந்தச் சொல் அதற்கும் பொருந்தும்.

குழந்தைகளின் செய்தியில் கூடுதல் கவனம் வேண்டும். பெயர், பள்ளி, ஊர் ஆகியவற்றை விட்டுவிட்டாலும் செய்தியின் பயன் குறைவதில்லை. பத்து வயதில் நாயகனின் கையோடு சிரித்த படம் இருபது வயதிலும் தேடுபொறியில் இருக்கும் என்பதை நிறுவனம் யோசிக்காவிட்டாலும் நாம் யோசிக்க வேண்டும்.

கொடுத்தவரின் பெயரை எழுதும் முறை

இப்போது இரண்டாவது கணக்குக்கு வருவோம். ஒரு நிறுவனத்தின் நற்பெயர் என்பது ஒரே பண்டமல்ல. ஊழியர்களிடத்தில் ஒரு பெயர், விளையாடுபவர்களிடத்தில் ஒரு பெயர், பங்குதாரர்களிடத்தில் ஒரு பெயர், உறுப்பு இழந்தவர்களிடத்தில் ஒரு பெயர் என்று அது பிரிந்து கிடக்கிறது. செயற்கைக் கை, கடைசியாகச் சொன்ன பிரிவினரிடத்தில் கொனாமிக்கு ஒரு வரவை உண்டாக்கியிருக்கலாம். துப்புரவுப் பணிக்கு மாற்றப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஆக்குநரின் கணக்கில் அந்த வரவை எழுத முடியாது. அவர் யாருக்கும் கை கேட்கவில்லை. அதேபோல, அந்த ஆக்குநருக்கு நேர்ந்ததை வைத்து லண்டன் இளைஞரின் கையைப் பொய்யாக்கவும் முடியாது. அவர் யாரையும் பணிமாற்றம் செய்யவில்லை.

சான்றின் எடையையும் வாக்கியத்திலேயே காட்டுங்கள். முன்னோட்டம் கடையிலிருந்து நீக்கப்பட்டது எவரும் பார்த்த உண்மை. அதை நேராக எழுதலாம். அலுவலகச் சூழலைப் பற்றியது ஒரு நாளிதழின் செய்தி. ‘நிக்கேய் எழுதியது’ என்று எழுத வேண்டும். விருது விழாத் தடை, விழாவை நடத்தியவரின் கூற்று. அவர் பெயரோடு எழுத வேண்டும். ‘பெயரைக் காப்பாற்றக் கை கொடுத்தார்கள்’ என்பதற்கு எந்தச் சான்றும் இல்லையெனில் அது உங்கள் ஊகம். ஊகத்தை எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் ‘என் ஊகம்’ என்ற சொற்களோடு எழுதுங்கள். ‘இருந்தாலும்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். ‘ஊழியர்களை நடத்தும் முறை பற்றிய விமர்சனங்கள் இருந்தாலும், ஓர் இளைஞருக்குக் கை வழங்கியது’ என்ற வாக்கியத்தில் அந்த ஒரு சொல் ஒரு கணக்கை இன்னொன்றால் அடைத்துவிடுகிறது. அதை இரண்டு வாக்கியங்களாகப் பிரித்து, நடுவில் முற்றுப்புள்ளி வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

இரண்டு கணக்குகளும் உண்மையிலேயே உரசிக்கொள்ளும் ஓரிடம் உண்டு. கேமின் உள்ளடக்கமே உறுப்பு இழந்தவர்களைப் பற்றியதாக இருக்கும்போது, கொடையையும் கேமையும் சேர்த்துப் பேசலாம், பேச வேண்டும். டியஸ் எக்ஸ் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. இயந்திர உறுப்புகள் கொண்ட மனிதர்கள் ஒதுக்கப்படும் உலகம் அதன் கதை. 2016இல் அதன் விளம்பரம், தென்னாப்பிரிக்க நிறவெறி ஒதுக்கலின் பெயரையும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்ட முழக்கத்தை ஒத்த வாசகத்தையும் எடுத்துக்கொண்டதற்காகக் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. அதே ஆண்டில்தான் செயற்கைக் கை அறிவிப்பும் வந்தது. கற்பனையில் இயந்திரக் கை ஆற்றலும் சாபமுமாக இருக்கிறது. நடப்பில் அது மின்னேற்ற வேண்டிய, வியர்வையில் நழுவும், கரண்டியைப் பிடிக்கப் பல நாள் பழக வேண்டிய கருவி. அறிவிப்பு இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டினால், உறுப்பு இழந்தவரை மீமனிதர் ஆக்கி, அவருக்கு உண்மையில் தேவைப்படும் காப்பீட்டையும் வல்லுநரையும் பேச்சிலிருந்து அகற்றிவிடுகிறது. இதைச் சுட்டிக்காட்டுவது கொடையைப் பழிப்பதாகாது.

ஒப்பிடுவதற்கு இன்னொரு பாதையும் உண்டு. ஊனமுற்றவர்கள் கேம் விளையாட உதவும் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரை மைக்ரோசாஃப்ட் 2018 செப்டம்பரில் வெளியிட்டது. சோனி 2023 டிசம்பரில் அதே நோக்கத்தோடு ஆக்செஸ் கன்ட்ரோலரைக் கொண்டுவந்தது. இரண்டும் தானமல்ல, விலைக்கு விற்கப்படும் பொருள்கள். கடையில் கிடைப்பதால் உதிரிப் பாகமும் உத்தரவாதமும் உண்டு. அழுகைக் காட்சி இல்லை. ஊனமுற்றவரை வாடிக்கையாளராக நடத்துவது அவரைக் கதையாக நடத்துவதை விடச் சில வேளைகளில் மரியாதையானது என்று நான் நினைக்கிறேன். ஒரு நிறுவனம் கையைப் பரிசளித்த செய்தியை எழுதும்போது, அதே நிறுவனத்தின் கேமை ஒரு கையால் விளையாட முடியுமா, பொத்தான்களை மாற்றி அமைக்க இடம் உண்டா என்று விளையாடிப் பார்த்து ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இதற்கு எந்த விளம்பரத் துறையின் அனுமதியும் தேவையில்லை.

வெளியிட்ட பிறகு

கொனாமியின் கதை 2016இல் முடிந்துவிடவில்லை. 2020இல் அதே நாயகனின் சிவப்புக் கை, ஓப்பன் பயோனிக்ஸின் ஹீரோ ஆர்முக்கான மேலுறையாக வந்தது. இம்முறை ஒருவருக்கு மட்டுமான படைப்பாக இல்லாமல், ஏற்கெனவே விற்பனையிலும் பராமரிப்பிலும் உள்ள ஒரு கையின் மேல் மாட்டிக்கொள்ளும் உறையாக அது அமைந்தது. செய்தி சிறியதாகத்தான் வந்தது. பல்லைப் பிடித்துப் பார்த்தால் முதல் கொடையை விட இதுவே உறுதியானது. அடியில் இருக்கும் கைக்கு அளவெடுக்க ஆளும் பழுதுபார்க்க இடமும் ஏற்கெனவே இருந்தன.

உங்கள் கட்டுரையை வெளியிட்ட அன்றே நாட்காட்டியில் இரண்டு ஆண்டு கழித்து ஒரு தேதியைக் குறித்துவையுங்கள். அன்று மீண்டும் எழுதிக் கேளுங்கள்: கை இன்னும் அணியப்படுகிறதா, இடையில் எத்தனை முறை பழுதானது, ஒவ்வொரு முறையும் தொலைபேசியை எடுத்தவர் யார்? அணியவில்லை என்ற விடை வந்தால் அதைத் தோல்விக் கதையாக்காமல் காரணத்தை மட்டும் எழுதுங்கள். நிறுவனத்தின் அறிவிப்புப் பக்கம் அதற்குள் காணாமல் போயிருந்தால், காணாமல் போன தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.